ஒரு முறம் தவிடு

முத்து,

நேற்று போனில் நீ என்னை ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஹலோ, நான்தான்" என்றாய். "சாப்பிட்டாச்சா, அங்க மழை உண்டா" என்றாய். பிறகு விஷயத்துக்கு வந்தாய். போனை வைக்கும்வரை அம்மா என்ற சொல் உன் வாயில் வரவில்லை. போன மாதம் ஆண்டிமடத்தில் பெண் வீட்டார் கூடத்தில் எனக்கு ஒரு புதுப் பெயர் வைத்தாயே, அதையும் சொல்லவில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் சங்கடம் என்று ஓசூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு வெறும் ஹலோவை அனுப்பிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். கெட்டிக்காரன்தான். வளர்த்தவளுக்குத் தெரியாதா.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை உடையார்பாளையம் பக்கத்தில் உன் சித்தப்பாவின் குலதெய்வக் கோயிலுக்கு நான் வர வேண்டும். அங்கே என் தங்கை மல்லிகா, அதாவது உன்னைப் பெற்றவள், ஒரு முறம் தவிட்டை என் கையில் கொடுப்பாள். நான் அதை வாங்கிக்கொண்டு உன்னை அவளிடம் ஒப்படைக்க வேண்டும். அது முடிந்தால்தான் ஆவணியில் உன் கல்யாணம். ஒருமுறை விற்ற பிள்ளையைத் திருப்பி வாங்காமல் மணமேடையில் ஏற்றக் கூடாது என்று பெண்ணின் பெரியப்பா சொல்லிவிட்டாராம். "சும்மா ஒரு சடங்குதான். ஒரு மொறம் தவுடுதானே" என்றாய். அதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அல்லது உன்னைத் திட்டியிருப்பேன். இரண்டும் வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். நான் பத்தாவதோடு நின்றவள், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கோபம் வந்தால் மெஷினை வேகமாக மிதிப்பேன் என்பது உனக்குத் தெரியும். இந்த மாதம் நான் தைத்த ஜாக்கெட்டுகளில் பாதியைப் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தை உன்னைக் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணிடமும் கொடு. அவள் வீட்டார் படித்தாலும் சரி, ஊரே படித்தாலும் சரி, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

நீ பிறந்த கதை உனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன். மல்லிகாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக நீ பிறந்தபோது அவள் மாமியார் ஒரு முடிவோடு இருந்தார். இவள் பெற்ற பிள்ளை என்று தெரிந்தால்தானே யமன் தேடி வருவான், எவளோ ஒருத்தி தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்றால் இது நமக்கு வேண்டிய வீடு இல்லை என்று திரும்பிவிடுவான் என்பது கணக்கு. எங்கள் பக்கத்தில் பிள்ளை தங்காத வீடுகளில் செய்ததுதான். ஊருக்கு நாலு பேர் பிச்சை, குப்பு என்ற பெயரோடு இருப்பது அதனால்தான். கல்யாணமாகி வெகுநாள் பிள்ளையில்லாமல் இருந்த என்னை அதற்குக் கூப்பிட்டார்கள். குப்பைமேட்டுப் பக்கம் உன்னை ஒரு முறத்தில் கிடத்தியிருந்தார்கள். இன்னொரு முறத்தில் நான் தவிடு கொண்டு போனேன். "புள்ளய என்னா வெலைக்குக் குடுக்குற?" என்று நான் கேட்க வேண்டும், "தவுட்டுக்குத் தரேன்" என்று மல்லிகா சொல்ல வேண்டும். கேட்டேன், சொன்னாள். தவிடு அவள் பக்கம் போயிற்று, நீ என் மடிக்கு வந்தாய். வீல் வீலென்று கத்தினாய். பிச்சைமுத்து என்று உன் காதில் சொன்னது நான்தான். தவிட்டை அன்றைக்கே அவர்கள் வீட்டுக் கறவை மாட்டுக்குக் கலந்து வைத்துவிட்டார்கள்.

மற்ற வீடுகளில் அத்தோடு நாடகம் முடிந்துவிடும். வாங்கியவள் பிள்ளையைப் பெற்றவள் மடியிலேயே போட்டு, "எம் புள்ளய வளத்துக் குடு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். நானும் அப்படித்தான் புறப்பட்டேன். மல்லிகாவுக்குப் பால் இல்லை, உடம்பும் தேறவில்லை. அதைவிட, பயம். நீ தும்மினால் அவள் நடுங்கினாள். "அக்கா, நீயே தூக்கிட்டுப் போயிடு. இந்த வூட்டுல இருந்தா இதுவும் போயிடும். கண்காணாம எங்கயாச்சும் இருந்தாப் போதும்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னது அவள்தான். உன் சித்தப்பா முந்திரிக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார், வேண்டாம் என்று சொல்லவில்லை. உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் பெரம்பலூர் வந்தேன். சிமெண்டு லோடு இறக்கிவிட்டு வந்த உன் அப்பா கதவைத் திறந்ததும் உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எத்தன நாளைக்கு?" என்று கேட்டார். "தெரியல" என்றேன். அவர் குளித்துவிட்டு வந்து உன்னை வாங்கிக்கொண்டார். உன் அப்பா என்று எழுதுகிறேன். பெரியப்பா என்று திருத்த வேண்டுமானால் நீயே திருத்திக்கொள்.

தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று வீட்டில் கேலி செய்ததைச் சொல்லும். மற்றவர்களுக்கு அது கேலி, உனக்கு மட்டும் நிஜம். ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது அழுதுகொண்டு வந்தாய். "என்னைய நெசமாவே தவுட்டுக்குத்தான் வாங்குனியா?" என்றாய். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "ஆமாண்டா. நல்ல தவுடு. மொறம் நெறைய" என்றேன். அழுகை நின்றுவிட்டது. மறுநாள் வகுப்பில் போய், உங்களையெல்லாம் கைப்பிடித் தவிட்டுக்கு வாங்கியிருப்பார்கள், என்னை முறம் நிறையக் கொடுத்து வாங்கினார்கள் என்று பெருமை அடித்திருக்கிறாய். உன் டீச்சர் ஜாக்கெட் தைக்க வந்தபோது சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு அந்த முறம் உனக்குப் பெருமையாக இருந்தது. நேற்று அது 'ஒரு மொறம் தவுடுதானே' ஆகிவிட்டது.

யமன் கண்டம் தாண்டிவிட்டது என்று தெரிந்ததும் அவர்கள் வந்து கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, இந்த வருஷம் போகட்டும் என்றேன். அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். மல்லிகாவுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. பொங்கலுக்கு வரும்போதெல்லாம் அவள் உனக்கு முந்திரிப் பருப்பு கொண்டுவந்து, நீ தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நீ "தேங்க்ஸ் சித்தி" என்பாய். ஒரு பொங்கலுக்கு அவர்கள் வரவில்லை, கோர்ட் சம்மன் வந்தது. பெற்ற தகப்பன்தான் பிள்ளைக்கு இயற்கையான கார்டியன், என் பிள்ளையை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள் என்று உன் சித்தப்பா பெரம்பலூர் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தார். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த என் தங்கை எனக்கு எதிர்க்கட்சியானாள். அவளும் என்னை அப்படித்தான் நினைத்திருப்பாள்.

நமக்கு ஒரு சின்ன வயது வக்கீல் அம்மா கிடைத்தார். பிள்ளையைத் தத்து எடுத்ததாகச் சொல்லலாம், கொடுத்ததும் வாங்கியதும் நடந்திருக்க வேண்டும், நடந்ததா என்று கேட்டார். நடந்ததே என்று தவிட்டுக் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். கோர்ட்டில் அவர்கள் பக்கத்து வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றி, "பையனத் தத்து எடுத்தீங்களா, வெலைக்கு வாங்கினீங்களா?" என்றார். "தவுட்டுக்கு வாங்கினேங்க" என்றேன். கோர்ட்டே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. அவர் விடவில்லை. பிள்ளையைக் கொடுக்க எதையாவது விலையாக வாங்குவதும் கொடுப்பதும் சட்டப்படி தப்பு, இந்த அம்மாவே ஒப்புக்கொள்கிறார் என்றார். நம் வக்கீல் அம்மா எழுந்து, தவிடு விலை இல்லை, சடங்கு, பிள்ளையைக் கொடுத்து வாங்கியதற்கு அதுவே அடையாளம் என்றார். சடங்குதான், ஆனால் யமனை ஏமாற்ற ஆடிய சடங்கு, நாடகத்தில் கட்டுகிற தாலி தாலியாகுமா என்று அவர்கள் பக்கத்து வக்கீல் மடக்கினார். பிறகு உன் சித்தப்பா கூண்டேறி ஒரே சொல்லில் நின்றார். "தத்தெல்லாம் குடுக்கலைங்க. வளக்கத்தான் குடுத்தோம்." எத்தனை முறை எப்படிக் கேட்டாலும் அதே பதில். வளர்க்கக் கொடுத்தோம். ஜட்ஜ் அதை ஒத்துக்கொண்டார். நடந்தது தத்து இல்லை என்று சொல்லிவிட்டார். யமனை ஏமாற்றிய தவிட்டால் கோர்ட்டை ஏமாற்ற முடியவில்லை. அன்று மதியம் சட்டத்தின் கண்ணில் நான் உனக்கு யாருமில்லை என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் வக்கீல் அம்மா வேறு வழியில் பேசினார். பெற்றவர்களுக்குப் பிள்ளை மேல் உரிமை உண்டு, அதற்காகப் பிள்ளை அவர்கள் உடைமை ஆகிவிடாது என்றார். அரசியல் சாசனத்தில் மனிதருக்கென்று எழுதிய உரிமை பெரியவர்களுக்கு மட்டும் எழுதியதில்லை, பள்ளிக்கூடப் பையனுக்கும் சேர்த்துத்தான் எழுதியது என்றார். தகப்பன் யார், தாய் யார் என்பதைவிட, பிள்ளைக்கு எது நல்லது என்பதுதான் முதல் கேள்வி, விவரம் தெரிந்த பையன், தயவுசெய்து அவனையே கேளுங்கள் என்றார். எனக்கு அந்தப் பேச்சு அப்படிப் பிடித்துப்போயிற்று. கடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். பிள்ளை பொருள் இல்லை அக்கா, அவனுக்கும் உரிமை இருக்கு அக்கா, அவனைக் கேட்கணும் அக்கா. சிறுவாச்சூர் அம்மனுக்குத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. திறந்த நாளிலெல்லாம் போய், அவனைக் கேட்க வை தாயே என்று நின்றேன். அம்மன் கேட்க வைத்தாள்.

ஜட்ஜ் உன்னை மட்டும் தன் அறைக்குள் கூப்பிட்டார். எங்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அது பழைய காலத்து ஆடுகிற கதவு, மேலேயும் கீழேயும் இடைவெளி. அதற்கு ஒரு பக்கம் நானும் மறுபக்கம் மல்லிகாவும் நின்றோம். உன் அப்பா லோடு இறக்கிய சட்டையோடு வராந்தாவின் கடைசியில் நின்றார். உள்ளே ஜட்ஜ் உன் படிப்பைக் கேட்டார், கபடியைக் கேட்டார். பிறகு, "வெளியில ரெண்டு பேரு நிக்கிறாங்களே, அவங்க யாரு தம்பி?" என்றார். நீ கதவுக்கு அடியில் புடவைகளைப் பார்த்திருக்க வேண்டும். "பச்சப் பொடவ எங்கம்மா சார். இன்னொருத்தவங்க சித்தி" என்றாய். "யார்கூட இருக்க ஆசப்படுற?" "எங்கம்மாகூட."

அந்தச் சொல்தான் முத்து என்னிடம் இருந்த ஒரே ஆதாரம். பெற்றதால் நான் தாயாகவில்லை. தத்து எடுத்ததால் ஆகவில்லை. தவிடும் உதவவில்லை. உன் வாயிலிருந்து வந்த சொல்லால் தாயானேன். அதை வைத்துத்தான் ஜட்ஜ் உன்னைப் பதினெட்டு வயதுவரை என் பொறுப்பில் விட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் மல்லிகா சுவரோடு சரிந்து உட்கார்ந்தது என் கண்ணோரம் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் சந்தோஷத்தில் பாதி போயிருக்கும். கீழே வந்து உனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். நீ குடித்துக்கொண்டே, "சித்தி ஏம்மா அழுவுறாங்க?" என்று கேட்டாய். "தலவலிடா" என்றேன்.

லீவு நாட்களில் பிள்ளை அவர்கள் வீட்டுக்குப் போய் வரலாம், தடுக்கக் கூடாது என்றும் ஜட்ஜ் சொல்லியிருந்தார். தடுக்கவில்லை. நானே பஸ் ஏற்றி அனுப்பினேன். முதல் லீவுக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அடுத்த லீவுக்கு அழவில்லை. பிறகு லீவு வருவதற்கு முன்பே பையைக் கட்டி வைத்துக்கொண்டாய். முந்திரிக் காட்டைப் பற்றி, சித்தப்பா ஓட்டக் கற்றுக்கொடுத்த டிராக்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாய். அவள் உனக்கு என்ன வைத்துக் கொடுத்தாள், என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. கௌரவமாக இருந்தேன். இப்போது நினைத்தால் கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. ஜட்ஜ் அறையில் ஒரே பேச்சில் முடிந்ததாக நான் நினைத்த வழக்கை அவர்கள் லீவு லீவாக நடத்தி ஜெயித்திருக்கிறார்கள்.

ஆண்டிமடத்துக்கு வருவோம். பூ வைக்கப் போனோம். மாப்பிள்ளையின் தாய் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும். தட்டு என் கையில் இருந்தது. புதுப் புடவை, அரக்கு நிறம், நீ வாங்கிக் கொடுத்ததுதான். பெண்ணின் பெரியப்பா எல்லோரையும் விசாரித்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் உன்னைப் பார்த்து, "இவங்க?" என்றார். "எங்க பெரியம்மா. என்னைய வளத்தவங்க" என்றாய். பிறகு மல்லிகாவின் தோளைத் தொட்டு, "இவங்கதான் எங்கம்மா" என்றாய். வளர்த்தவங்க. எங்கிருந்து எடுத்தாய் அந்தச் சொல்லை? கோர்ட்டில் என்னைத் தோற்கடித்த சொல் அது. எதிர்க்கட்சி எனக்கு வைத்த பெயரை, என்னை ஜெயிக்க வைத்த வாயாலேயே சொன்னாய். என் கையிலிருந்த தட்டு மல்லிகாவின் கைக்குப் போயிற்று. யாரும் பிடுங்கவில்லை. என் கை தானாக நீண்டுவிட்டது. அவள் வாங்கிக்கொண்டாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். நீ வண்டி ஓட்டிக்கொண்டே, "அவங்களுக்குன்னு ஒரு நாளாச்சும் கெடைக்கட்டுமே. நீ இதப் போயி ஏன் பெருசு பண்ற?" என்றாய். கொஞ்சம் போனதும், "அன்னிக்கு கோர்ட்ல நான் சித்தின்னு சொன்னதும் அவங்க கீழ உக்காந்துட்டாங்க. கதவுக்கு அடியில எனக்குத் தெரிஞ்சுது. ஒனக்குத் தெரியாதா?" என்றாய். உன் அப்பா பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல நடித்தார். அவருக்கு நடிக்கத் தெரியாது என்பது உனக்கும் தெரியும்.

இதற்குத் துரோகம் என்றுதான் நான் பெயர் வைத்திருக்கிறேன். யோசித்துத்தான் எழுதுகிறேன். நீ அவள்மேல் இரக்கப்பட்டது துரோகம் இல்லை. அந்த இரக்கம் இல்லாதவனாக உன்னை வளர்த்திருந்தால் அதுதான் எனக்கு அவமானம். அவளை அம்மா என்று கூப்பிட நினைத்ததும் துரோகம் இல்லை. அதை முந்தின நாள் சமையல்கட்டில் வந்து என்னிடம் சொல்லியிருக்கலாம். அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், கடைசியில் தட்டை நானே அவளிடம் எடுத்துக் கொடுத்து முன்னால் அனுப்பியிருப்பேன். என்னைக் கேட்காமல், ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால், தட்டோடு நிற்க வைத்துப் பறித்தாய். எனக்குப் புதுப் புடவை வாங்கிக் கொடுத்த அன்றைக்கே நீ முடிவு செய்துவிட்டாய் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தப் புடவையை இன்னும் துவைக்கக்கூட எடுக்கவில்லை.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன், என்னை மடக்குவதற்கு நீ சிரமப்பட வேண்டாம். பிள்ளைக்கும் உரிமை உண்டு, அவன் விருப்பத்தைக் கேளுங்கள் என்று ஊரெல்லாம் பேசியவள் நான். கேட்டார்கள். உன் விருப்பம் என் பக்கம் வந்தது, அதை நீதி என்றேன். இப்போது அதே விருப்பம் அந்தப் பக்கம் போகிறது, துரோகம் என்கிறேன். கோணல் எங்கே என்று எனக்கே தெரிகிறது. தெரிந்ததால் வலி குறையவில்லை. பெற்றவர்களுக்கு உரிமை என்று சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைக்கு உரிமை என்றும் இருக்கிறது. இரண்டையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்க ஜட்ஜ் இருக்கிறார். வளர்த்தவளை வைக்க அதில் தட்டு இல்லை. பிள்ளை இருக்கிற தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதுதான். அவன் இறங்கிவிட்டால் அவளும் கீழே.

நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பாவைப் பிடிக்குமா அம்மாவைப் பிடிக்குமா என்று விளையாட்டுக்குக்கூட அதைக் கேட்காதே, மற்றவர்களையும் கேட்க விடாதே. உன்னைப் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டோம். வேறு வழியில்லாமல் ஜட்ஜ் கேட்டார், கேட்டது சரிதான். ஆனால் பதில் சொல்லிவிட்ட பிள்ளை அந்தப் பதிலைச் சாகும்வரை சுமக்க வேண்டுமா, இடையில் இறக்கி வைக்கலாமா என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. ஒருத்தியை அம்மா என்று சொன்னதில் இன்னொருத்தி தரையில் உட்கார்ந்ததைக் கதவின் அடியில் பார்த்தவன் நீ. இத்தனை வருஷமும் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் என் கையால் சாப்பிட்டாயா? ரோஸ் மில்க் குடித்த அன்றைக்கே கேட்டாய். தலைவலி என்றேன். சரி, அதை விடு.

வெள்ளிக்கிழமை விஷயத்துக்கு என் பதில் இது. உன் அப்பா, "போயி வாங்கிட்டு வந்துடேன். தவுட்ட மாட்டுக்கு வச்சாப் போச்சு. புள்ள நல்லா இருந்தாச் சரி" என்கிறார். மல்லிகா போன் செய்தாள். "அக்கா, கோவிச்சுக்காத. எனக்கு வேணும்னு நான் கேக்கல. அவங்கதான் கேக்குறாங்க" என்றாள். பிறகு அவளே, "எனக்கும் வேணும்தான்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்பதற்காக அவளை மன்னித்துவிட்டேன். ஆனால் நான் வர மாட்டேன். அந்தத் தவிட்டை வாங்க மாட்டேன். நான் கொடுத்த தவிட்டை அவர்கள் வீட்டு மாடு அன்றைக்கே தின்றுவிட்டது, அதை யாரும் திருப்பித் தர முடியாது. அதோடு, திருப்பிக் கொடுக்க நீ என் பொருள் இல்லை. நம் வக்கீல் அம்மா சொன்னதுதான். அன்று எனக்காகச் சொன்னார், இன்று உனக்காக நான் சொல்கிறேன். முறத்தில் கத்திக்கொண்டு கிடந்த உன்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே ஒருத்தி கொடுத்தாள், ஒருத்தி வாங்கினாள். மீசை முளைத்தவனை மறுபடியும் முறத்தோடு முறமாகக் கைமாற்ற நான் சம்மதிக்க மாட்டேன். அவளிடம் போக வேண்டும் என்றால் உன் காலால் நடந்து போ. யமனிடம் காட்டுவதற்கு வாங்கினேன், பெண் வீட்டாரிடம் காட்டுவதற்கு விற்க மாட்டேன். சடங்கு செய்யாமல் பெண் தர மாட்டோம் என்று அவர்கள் சொன்னால், இந்தக் கடிதத்தை அவர்களிடம் வாசித்துக் காட்டு. அதற்கும் அசையவில்லை என்றால் அந்தப் பெண்ணைக் கேளுங்கள். அவளுக்கும் வாய் இருக்கும்.

வியாழக்கிழமை நீ இங்கே வா. தனியாக வா. சித்தி வேண்டாம், சித்தப்பா வேண்டாம், பெண் வீட்டார் வேண்டாம். அன்று ஜட்ஜ் எங்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வைத்து உன்னைக் கேட்டார். இந்தத் தடவை நானும் உன் அப்பாவும் உள்ளே இருப்போம், நீ வெளியே நிற்பாய். நான் எதுவும் கேட்க மாட்டேன். கீழே கையெழுத்துப் போடவில்லை, எந்த உறவை எழுதிக் கையெழுத்துப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. போன தீபாவளிக்கு நீ வாங்கி மாட்டிய காலிங் பெல்லை அழுத்தாதே. யார் அழுத்தினாலும் அது ஒரே பாட்டைத்தான் பாடுகிறது. வாசலில் நின்று வாயைத் திறந்து என்னைக் கூப்பிடு. எந்தப் பெயரைச் சொன்னாலும் கதவைத் திறப்பேன். சோறு போடுவேன். ஆவணியில் வந்து, எங்கே உட்காரச் சொல்கிறாயோ அங்கே உட்காருவேன். ஆனால் கூப்பிடு.